காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நான் ஆடியாலஜிஸ்ட், காது டெஸ்ட்டோட பேலன்ஸ் டெஸ்ட்டும் எடுக்கிற வேலை. டெஸ்ட்டுக்கு வர்றவங்க, அவங்கள கூட்டிட்டு வர்ற புள்ளைங்க, போன்ல கூப்பிடுற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்குறத ஒரே இடத்துல போட்டிருக்கேன். வரிசை கிரிசை பாக்காதீங்க, எது உங்களுக்கு வேணுமோ அத மட்டும் படிச்சாலும் போதும்.

காது கேக்குறதுக்குத்தானே, பேலன்ஸ் எங்கேர்ந்து வந்துச்சு?

உண்மைய சொன்னா பேலன்ஸ்தான் காதோட பழைய வேலை, கேக்குறது பிற்பாடு சேந்தது. மீனுக்கு நம்ம மாதிரி நத்தை வடிவ கேட்கும் குழல் கிடையாது, ஆனா பேலன்ஸ் உறுப்பு அம்சமா இருக்கு. நமக்கு காது மடலுக்குப் பின்னாடி கையில தட்டுப்படுதே ஒரு எலும்பு, அதுக்கும் உள்ள, மண்டையோட்டுலயே ரொம்ப கெட்டியான எலும்புக்குள்ள இந்த உள்காது பதிஞ்சு கிடக்கு. அந்த எலும்பு எவ்ளோ கெட்டின்னா, பழங்கால எலும்புக்கூட்டுலேர்ந்து டிஎன்ஏ எடுக்கிற ஆளுங்க முதல்ல தேடுறதே அதத்தான். அதுக்குள்ள ஒரு பக்கம் நத்தை, அது கேக்குறதுக்கு. இன்னொரு பக்கம் மூணு அரைவட்டக் குழலும் ரெண்டு சின்னப் பையும், அது பேலன்ஸுக்கு. எல்லாத்துலயும் ஒரே தண்ணிதான் இருக்கு, நரம்பும் கடைசியில ஒண்ணா சேந்து எட்டாவது மூளை நரம்பா உள்ள போகுது. அதனாலதான் சில வியாதியில காது அடைக்கிறதும் தலை சுத்துறதும் சேந்தே வருது.

அரைவட்டக் குழல் என்ன பண்ணும்?

தலை திரும்புறத கண்டுபிடிக்கும். ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி மேல நாலு சீரகத்த போட்டுட்டு டம்ளர மட்டும் வெடுக்குன்னு திருப்பிப் பாருங்க, டம்ளர் திரும்பும், சீரகம் இருந்த இடத்துலயே நிக்கும். குழலுக்குள்ளயும் இதே கதைதான். தலையோட எலும்பு திரும்பிடுது, உள்ள இருக்கிற தண்ணி ஒரு நொடி பின்தங்குது, அந்தத் தண்ணி போய் குழல் வழியில குறுக்க நிக்கிற ஒரு ஜெல்லித் தடுப்ப தள்ளுது, அந்தத் தடுப்புக்குள்ள நுனி செருகியிருக்கிற செல்லோட மயிர்கள் சாயுது, உடனே நரம்புக்கு செய்தி போயிடுது. தண்ணி ஓடுற அந்தக் குழாயோட உள் அகலம் கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர்தான்!

ஒரு காதுக்கு மூணு குழல், ஒண்ணுக்கொண்ணு ஏறத்தாழ செங்குத்தா நிக்கும், அதனால இல்லன்னு தலையாட்டினாலும் ஆமான்னு ஆட்டினாலும் தோள் பக்கம் சாய்ச்சாலும் ஏதோ ஒரு குழல்ல தண்ணி அசையும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். நீங்க சும்மா உக்காந்திருக்கும்போதும் இந்த நரம்பு சும்மா இருக்காது, குரங்குகள்ல அளந்தப்போ அசையாம இருக்கும்போதே ஒவ்வொரு நரம்பு இழையும் சராசரியா நொடிக்கு 90 தடவை கிட்ட துடிச்சிட்டு இருந்துச்சு. தலைய வலப்பக்கம் திருப்பினா வலது காது துடிப்பு ஏறும், அதே நேரம் இடது காது துடிப்பு இறங்கும், மூளை ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த வச்சுதான் எந்தப் பக்கம், எவ்ளோ வேகம்னு கணக்குப் போடுது. இத மனசுல வச்சுக்குங்க, ஏன்னா ஒரு பக்கக் காது திடீர்னு செத்துப்போனா நீங்க அசையாம படுத்திருந்தாலும் அந்த வித்தியாசம் இருந்துட்டே இருக்கும், மூளையும் "சுத்திட்டு இருக்கோம்"னே நம்பும்.

காதுல கல் இருக்குன்னு டாக்டர் சொன்னார், பயமா இருக்கு. கிட்னி கல் மாதிரியா?

இல்லம்மா, இந்தக் கல் எல்லாருக்கும் இருக்கணும், இல்லாட்டிதான் பிரச்சனை. முன்னாடி சொன்ன அந்த ரெண்டு பை இருக்கே, உட்ரிக்கிள், சாக்யூல்னு பேரு, அதுக்குள்ள ஒரு பிசுபிசுப்பான படலம், அது மேல ஆயிரக்கணக்குல கால்சியம் கார்பனேட் துகள். கண்ணுக்கே தெரியாது, பெருசுன்னு சொல்றதே ஒரு மில்லிமீட்டர்ல முப்பதுல ஒரு பங்கு இருந்தா அதிகம். தலைய சாய்ச்சா இந்தத் துகளோட கனம் படலத்த இழுக்கும், கீழ இருக்கிற மயிர் செல் வளையும். லிஃப்ட் கிளம்புறது, பஸ் பிரேக் போடுறது, கண்ண மூடிட்டு இருந்தாலும் தலை நேரா இருக்கா சாஞ்சிருக்கான்னு தெரியுறது எல்லாமே இதாலதான்.

கத்தாழை மீன் வாங்கி சமைக்கிறவங்களுக்கு இத காட்டவே வேணாம். தலைய கடிச்சு சாப்பிடும்போது பல்லுல நறுக்குன்னு மாட்டுமே வெள்ளையா ரெண்டு கல், அதேதான், மீனோட பேலன்ஸ் கல். அந்த மீன் வகைக்கு அது ரொம்ப பெருசா இருக்கும். அத அறுத்துப் பாத்தா மரத்துல இருக்கிற மாதிரி வளையம் இருக்கும், மீனுக்கு எத்தன வயசுன்னு அத எண்ணித்தான் கண்டுபிடிக்கிறாங்க.

1893ல வியன்னாவுல அலோய்ஸ் கிரைடல்னு ஒருத்தர் இறால வச்சு ஒரு வேலை பண்ணார். இறால் தோலுரிக்கும்போது அந்தக் கல்லும் சேந்து போயிடும், அப்புறம் அது தரையிலேர்ந்து மணல் எடுத்து புதுசா உள்ள போட்டுக்கும். இவர் மணலுக்குப் பதிலா இரும்புத் தூள கொடுத்தார், இறாலும் அத எடுத்து வச்சுக்கிச்சு. அப்புறம் மேல காந்தத்த காட்டினா இறால் தலைகீழா திரும்பிக்கிச்சு! இழுக்குற பக்கம்தான் கீழ்ப்பக்கம்னு அதுக்கு நெனப்பு. நம்ம காதும் அவ்வளவுதான், இழுக்குறது எதுன்னு அதுக்குத் தெரியாது.

தட்டாமாலை சுத்திட்டு நின்னதும் உலகமே எதிர்ப்பக்கம் சுத்துதே, ஏன்?

தொடர்ந்து ஒரே வேகத்துல சுத்தினா சில நொடியில குழல் தண்ணியும் கூடவே சுத்த ஆரம்பிச்சிடும், ஜெல்லித் தடுப்பு நிமிந்துடும், "சுத்தல"ன்னு காது சொல்ல ஆரம்பிச்சிடும். நீங்க டக்குன்னு நிக்கும்போது தலை நின்னுடுது, தண்ணி நிக்கல, இப்ப தடுப்ப எதிர்ப்பக்கம் தள்ளுது. அப்போ குழந்தையோட கண்ண கிட்ட போய் பாருங்க, மெதுவா ஒரு பக்கம் நகந்து வெடுக்குன்னு திரும்பி வரும், திரும்ப மெதுவா, திரும்ப வெடுக்குன்னு. நாங்க டெஸ்ட்டுல தேடுறதே இந்தக் கண் ஆட்டத்தத்தான்.

கதக் ஆடுறவங்க அவ்ளோ சுத்தறாங்க, விழ மாட்டேங்குறாங்களே?

தலைய உடம்போட சேத்து சுத்த விடமாட்டாங்க. ஒரே புள்ளியப் பாத்துட்டே இருந்து கடைசி நேரத்துல தலைய சட்டுனு திருப்பி திரும்ப அதே புள்ளிக்கு வருவாங்க. அப்புறம் வருஷக்கணக்கான பழக்கம், மூளை அந்த சிக்னல பெருசா எடுத்துக்காது.

கண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இப்பவே ஒண்ணு பண்ணுங்க. இந்த வரிய படிச்சிட்டே கையில இருக்கிற போன வேகமா இடவலமா ஆட்டுங்க, எழுத்து கலங்கிடும். இப்ப போன அசையாம பிடிச்சிட்டு தலைய அதே வேகத்துல ஆட்டுங்க. படிக்க முடியுதுல்ல? தலை வலப்பக்கம் போனா கண் அதே அளவு இடப்பக்கம் போயிடுது, காதுலேர்ந்து கண் தசைக்கு நடுவுல மூணே நரம்பு செல்தான், பத்து மில்லிசெகண்டுக்குள்ள வேலை முடிஞ்சிடும். போன் ஆடும்போது கண் தானா பாத்துத் துரத்தணும், அது அத விட பத்து மடங்கு லேட்டு.

இது இல்லாம போனா என்ன ஆகும்னு ஒரு டாக்டரே எழுதி வச்சிருக்கார், 1952ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டதுல அவருக்கு ரெண்டு காதோட பேலன்ஸும் போயிடுச்சு. நடந்துட்டே எதிர்ல வர்றவங்க முகத்த அடையாளம் கண்டுபிடிக்க முடியல, எல்லாம் குலுங்குது. அது கூட பரவால்ல, படுத்துட்டு புத்தகம் படிக்கும்போது நாடித்துடிப்புல தலை லேசா ஆடுமே, அந்த ஆட்டத்துக்கே எழுத்து குதிச்சிருக்கு, கட்டிலோட கம்பிக்கு நடுவுல தலைய முட்டுக்கொடுத்து வச்சுதான் படிச்சிருக்கார். நம்ம ஒவ்வொருத்தர் தலையும் நாடிக்கு நாடி ஆடிட்டேதான் இருக்கு, காது அத நமக்குத் தெரியாம சமாளிச்சிட்டு இருக்கு.

ஜென்டாமைசின் ஊசிக்கும் இந்த சுபாவம் உண்டு, அதுவும் கிட்னி சரியில்லாதவங்களுக்கு. ரொம்ப நாள் அந்த ஊசி போட்டுட்டு இருக்கும்போது நடை தள்ளாடினா பலவீனம்னு விட்டுடாம உடனே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

இதெல்லாம் காது வேலைன்னு யார் கண்டுபிடிச்சா?

1820கள்ல பாரிஸ்ல ஃப்ளூரன்ஸ்ங்கிறவர் புறாவோட அரைவட்டக் குழல அறுத்துப் பாத்தார், பாவம் புறா. கிடைமட்டக் குழல அறுத்தா அது தரையிலயே வட்டம் போட்டுச்சு, செங்குத்துக் குழல அறுத்தா குட்டிக்கரணம் அடிச்சுச்சு, ஆனா காது கேட்டுச்சு. அப்படியும் டாக்டர்கள் யாரும் மனுசனோட சேத்துப் பாக்கல, தலை சுத்தினா மூளைக்கு ரத்தம் ஏறிடுச்சுன்னு சொல்லி ரத்தத்த வடிச்சிட்டு இருந்தாங்க. 1861லதான் பாரிஸ் காதுகேளாதோர் நிறுவனத்துல இருந்த மெனியேர், இது மூளையில்ல காதுன்னு சொன்னார்.

அடுத்து ராபர்ட் பாராணி, வியன்னாக்காரர். காது கழுவி விடும்போது சில பேருக்கு தலை சுத்தும், கண் ஆடும். ஜில் தண்ணின்னா ஒரு பக்கம், சூடுன்னா எதிர்ப்பக்கம் ஆடுறத கவனிச்சார், அதையே டெஸ்ட்டா ஆக்கினார். இன்னிக்கும் நாங்க 30 டிகிரி தண்ணியும் 44 டிகிரி தண்ணியும் விட்டு அதே டெஸ்ட்டத்தான் எடுக்கிறோம், ஒரு பக்கக் காது மட்டும் எவ்ளோ வேலை செய்யுதுன்னு தனியா பாக்க அது ஒரு நல்ல வழி. 1914க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைச்சுது, அப்போ மனுசன் ரஷ்யாவுல போர்க்கைதி!

காதுக்குள்ள தண்ணி போனா தலை சுத்துமா?

ஜவ்வு நல்லா இருந்தா சாதாரணமா இல்ல. ஜவ்வுல ஓட்டை இருக்கிறவங்க ஜில்லுன்னு இருக்கிற ஆத்துலயோ கிணத்துலயோ குதிச்சா தண்ணி நேரா உள்ள போகும், பாராணி டெஸ்ட் தண்ணிக்குள்ளயே நடந்துடும், எது மேல எது கீழன்னு தெரியாது. ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சா குதிக்காதீங்க.

பித்தம்தான் தலைசுத்தலுக்குக் காரணம்னு பாட்டி சொல்றாங்களே?

காது குழம்பினா வாந்தி வரும், வாந்தியில மஞ்சளா வரும், அதப் பாத்துட்டு பித்தம்னு சொல்றது புரிஞ்சிக்க முடியுது. எலுமிச்சம்பழத்த மோந்து பாக்குறது, இஞ்சி சாப்பிடுறதெல்லாம் தப்பில்ல. ஆனா பித்தம்னு சொல்லிட்டே ரெண்டு வருஷம் கஷாயம் குடிச்சிட்டு வர்றவங்கள பாத்தா வருத்தமா இருக்கு.

கொல்லிமலை போனா எனக்கு வாந்தி, டிரைவருக்கு ஒண்ணும் இல்ல. அது எப்படி?

கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் காது "திரும்புறோம், சாயிறோம்"னு கத்துது, நீங்க குனிஞ்சு போன பாத்துட்டு இருக்கீங்க, கண் "ஒண்ணும் அசையல"ங்குது. இந்தச் சண்டையிலதான் வாந்தி வருது. டிரைவருக்கு வளைவு வர்றது முன்னாடியே தெரியும், ஸ்டீயரிங்க திருப்புறதே அவர்தான், அதனால மூளை எதிர்பார்த்ததும் காது சொல்றதும் ஒத்துப்போகுது. முன் சீட்ல உக்காந்து தூரத்துல ரோட்ட பாருங்க, போன உள்ள வைங்க, தலைய சீட்ல சாய்ச்சு ஆடாம வச்சுக்குங்க. மாத்திரை போடுறதா இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும், வாந்தி ஆரம்பிச்ச அப்புறம் போட்டு பெருசா பிரயோஜனம் இல்ல. தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க.

உள்காதுதான் இதுக்கு மூலம்ங்கிறதுக்கு சாட்சி வேணுமா? 1950களோட கடைசியில நாசாவும் அமெரிக்கக் கடற்படையும் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியிலேர்ந்து 11 பேர கூட்டிட்டுப் போனாங்க. அதுல 10 பேருக்கு சின்ன வயசுல வந்த மூளைக்காய்ச்சல்ல உள்காது போயிருந்துச்சு. கனடாவோட நோவா ஸ்கோஷியா பக்கம் கொந்தளிக்கிற கடல்ல கப்பல்ல ஏத்தினாங்க. அவங்க ஜாலியா சீட்டு ஆடிட்டு இருந்திருக்காங்க, டெஸ்ட் எடுக்க வந்த ஆராய்ச்சியாளருங்கதான் வாந்தி எடுத்து முடியாம டெஸ்ட்டயே நிறுத்தியிருக்காங்க.

சரக்கு அடிச்சிட்டு படுத்தா கட்டில் சுத்துதே?

வெக்கப்படாம கேட்டதுக்கு நன்றி. அந்த ஜெல்லித் தடுப்பும் சுத்தி இருக்கிற தண்ணியும் ஒரே கனம், அதனாலதான் நீங்க படுத்தாலும் நிமிந்தாலும் அது அசையாம இருக்கு. ஆல்கஹால் தண்ணிய விட லேசு, ரத்தத்துலேர்ந்து முதல்ல ஜெல்லிக்குள்ள போயிடுது, தண்ணிக்கு லேட்டாதான் போகுது. ஜெல்லி லேசாகி மிதக்குது, படுத்த உடனே சாயுது, மூளை சுத்துறதா நெனைக்குது. சில மணி நேரத்துல ரெண்டும் சமமாகும். அப்புறம் ஜெல்லியிலேர்ந்து ஆல்கஹால் முதல்ல வெளியேறும், இப்ப அது கனம், காலையில எதிர்ப்பக்கம் சுத்தும். ஒரு கால தரையில ஊனிட்டு கண்ண தொறந்து வச்சா கொஞ்சம் அடங்குறது, பாதமும் கண்ணும் மூளைக்கு வேற செய்தி சொல்றதாலதான்.

அப்பாவுக்கு சுகர் இருக்கு, ராத்திரி பாத்ரூம் போகும்போது மட்டும் தடுமாறுறார். காதா?

காது மட்டும் இல்ல. மூளை நிக்கிறதுக்கு மூணு பேர கேக்கும்: காது, கண், பாதமும் மூட்டும். சுகர்ல பாதம் மரத்துப்போச்சு, வயசுல காதும் கொஞ்சம் தேஞ்சிருக்கு, பகல்ல கண்ண வச்சு ஓட்டிட்டு இருக்கார். லைட்ட அணைச்சா அந்த ஆளும் போயிட்டார். வழியில ராத்திரி லைட் போடுங்க, பாத்ரூம்ல பிடிக்க கம்பி வைங்க, இத விட பெரிய வைத்தியம் இல்ல.

கண் இல்லாட்டி காது எவ்ளோ ஏமாத்தும்ங்கிறதுக்கு 1978 ஜனவரி 1 பம்பாய் விபத்து இருக்கு. ஏர் இந்தியாவோட எம்பரர் அசோகா, ராத்திரி கடல் மேல கிளம்புது, வெளிய கும்மிருட்டு, விமானம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு காட்டுற கருவி தப்பு காட்டுது, கேப்டன் அத நம்பி இடப்பக்கம் சாய்ச்சிட்டே போயிட்டார், சாஞ்சிருக்கோம்னு உடம்புக்குத் தெரியவே இல்ல. கடல்ல விழுந்து 213 பேர் போயிட்டாங்க. மெதுவா ஒரே சீரா சாயுறத குழலால உணர முடியாது.

படுக்கையில திரும்பினா மட்டும் ரூமே சுத்துது, அரை நிமிஷத்துல நின்னுடுது. என்ன இது?

இந்தப் பக்கத்த எழுதினதே முக்கியமா இதுக்குத்தான். அந்தக் கல் துகள் கொஞ்சம் பையிலேர்ந்து கழண்டு அரைவட்டக் குழலுக்குள்ள விழுந்திருக்கும், பெரும்பாலும் பின்பக்கக் குழல்ல. படுக்கும்போது, திரும்பும்போது, மேல் பரண்ல எதையோ எடுக்க அண்ணாந்து பாக்கும்போது துகள் உருண்டு தண்ணியத் தள்ளும், சுத்தும், துகள் நின்னதும் சுத்தலும் நிக்கும். பிபிபிவின்னு சொல்லுவாங்க. 50 வயசுக்கு மேல, அதுவும் பொம்பளைங்களுக்கு அதிகம், தலையில அடிபட்டாலும் வரும்.

டெஸ்ட்டுக்கு மெஷினே வேணாம். உக்கார வச்சு தலைய 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, அப்படியே மல்லாக்க சாய்ச்சு தலை கட்டில் விளிம்புக்கு வெளிய லேசா தொங்குற மாதிரி படுக்க வைப்போம். ரெண்டு மூணு நொடி ஒண்ணும் இருக்காது. அப்புறம் "ஐயோ சார் விழுறேன்"னு கைய இறுக்கிப் பிடிப்பாங்க, கண் நெத்திப் பக்கமா முறுக்கி முறுக்கி குதிக்கும், ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கிடும். எந்தக் காதுன்னு தெரிஞ்சிடுச்சா, அங்கேர்ந்தே எப்லி முறை: தலைய மெதுவா எதிர்ப்பக்கம் திருப்பி காத்திருந்து, அப்புறம் உடம்போட சேத்து புரட்டி முகம் தரையப் பாக்குற மாதிரி வச்சு, காத்திருந்து, எழுப்பி உக்கார வைக்கிறது. துகள் குழல சுத்தி வந்து திரும்ப பைக்குள்ள விழுந்துடும். அமெரிக்காவுல போர்ட்லேண்ட்ல இருந்த ஜான் எப்லி 1980கள்ல இத சொன்னப்போ பல பேர் நம்பவே இல்ல, இப்ப உலகம் முழுக்க இதான் வைத்தியம். பத்து நிமிஷம் கூட ஆகாது, நிறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு தடவையிலயே சரியாகிடும். மறுபடி வரலாம், வந்தா மறுபடி பண்ணிக்கலாம். யூடியூப் பாத்து தானா பண்ணாதீங்க, எந்தக் காது எந்தக் குழல்னு தெரியாம பண்ணா துகள் வேற குழலுக்குப் போயிடும், கழுத்துப் பிரச்சனை இருக்கிறவங்களுக்கு ஆபத்தும் கூட.

வெர்டின், ஸ்டெமெட்டில் போட்டுட்டே இருக்கேன், போதாதா?

மாத்திரை கல்ல நகத்தாது, அவ்ளோதான். ஸ்டெமெட்டில் மாதிரி மாத்திரை வாந்தியோட கடுமையா சுத்துற முதல் ரெண்டு மூணு நாளுக்கு நல்லது. மாசக்கணக்குல போட்டா மூளை தானா பழகிக்கிறதையே அது தடுக்கும், வயசானவங்களுக்கு கை நடுக்கம், உடம்பு விறைப்பு கூட வரும். எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட "இன்னும் எத்தன நாள்"னு கேளுங்க, கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

கழுத்து எலும்பு தேய்மானத்தாலதான் சுத்துதுன்னு சொன்னாங்க?

50 தாண்டின யாருக்கு கழுத்து எக்ஸ்ரே எடுத்தாலும் பெரும்பாலும் தேய்மானம் தெரியும், தலை சுத்தாதவங்களுக்கும் தெரியும். காலர் வாங்கிப் போடுறதுக்கு முன்னாடி மேல சொன்ன படுக்க வைக்கிற டெஸ்ட்ட ஒரு தடவை பண்ணிப் பாக்கச் சொல்லுங்க.

நாள் முழுக்க சுத்தினா?

அது வேற கதை. நாள்கணக்குல விடாம சுத்தி, வாந்தி, ஒரு பக்கமா தள்ளி, ஆனா காது நல்லா கேட்டா பேலன்ஸ் நரம்பு வீக்கமா இருக்கலாம், வைரஸ்னு சந்தேகம். முன்னாடி சொன்னேனே, ஒரு பக்கத் துடிப்பு நின்னுட்டா மூளை ஏமாறும்னு, அதான். கொஞ்சம் தெளிஞ்சதும் படுத்தே கிடக்காதீங்க, எழுந்து நடங்க, தலைய திருப்புற பயிற்சி பண்ணுங்க, வாரக்கணக்குல மூளை புதுக் கணக்குப் போட்டுக்கும்.

இருபது நிமிஷத்துலேர்ந்து சில மணி நேரம் வரைக்கும் சுத்தி, கூடவே ஒரு காது அடைச்சு, இரைஞ்சு, கேக்குறது குறைஞ்சு, திரும்பத் திரும்ப வந்தா மெனியேர் நோய், உள்காதுத் தண்ணி உப்பிப் போறது. உப்பு கம்மி பண்ணச் சொல்லுவாங்க, ஊறுகாய், அப்பளம், கருவாடுன்னு பட்டியல் போட்டா வீட்டுல சண்டைதான்.

எப்ப நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

சுத்தலோட பேச்சு குழறினா, வாய் கோணினா, ஒரு பக்கக் கை கால் தளந்தா, ரெண்டு ரெண்டா தெரிஞ்சா, திடீர்னு பயங்கர தலைவலி வந்தா, பிடிச்சா கூட நிக்க முடியலன்னா காதுன்னு உக்காந்திருக்காம 108ஐ கூப்பிடுங்க. பக்கவாதம் சில நேரம் வெறும் தலைசுத்தலாவே ஆரம்பிக்கும். பிபி, சுகர் இருக்கிறவங்க வீட்டுல இத எல்லாருக்கும் சொல்லி வைங்க. திடீர்னு ஒரு காது கேக்காம போனாலும் அன்னிக்கே இஎன்டி டாக்டர பாக்கணும், நாள் தள்ளத் தள்ள மருந்து வேலை செய்யாது.

டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்?

"தலை சுத்துது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. ரூம் சுத்துதா, கண்ணு இருட்டிட்டு வருதா, நடக்கும்போது மட்டும் தள்ளுதா? எத்தன நொடி, எத்தன மணி நேரம்? படுத்தாலா, எழுந்தாலா, சும்மா இருந்தாலுமா? காதுல இரைச்சல் உண்டா? என்னென்ன மாத்திரை போடுறீங்க? பாதிப் பேருக்கு இங்கயே விடை கிடைச்சிடும். இன்னொண்ணு, டாக்டர்கிட்ட போற நேரம் சுத்தல் நின்னு போயிருக்கும், அதனால சுத்தும்போது வீட்டுல யாரையாவது உங்க கண்ணு ரெண்டும் தெரியிற மாதிரி கிட்டக்க போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க, ஜன்னல் வெளிச்சத்துல, ஒரு அரை நிமிஷம் போதும்.